தாழ்ப்பாள் கழற்றிய வீடு

பிரான்சிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவது. இன்னொன்று, தன் நாத்தனார் பாக்கியமேரியை வெறுப்பது. முதல் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. இரண்டாவதற்கு அதுவும் கிடையாது. பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பொன்மலைப்பட்டியில் அவள் வீட்டின் முன்னறைதான் விளையாட்டு அறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை விளையாட்டு வழியாகவே அணுகும் படிப்பை முறையாகப் படித்துப் பாஸ் செய்தவள். மகன் ரெஜிஸுக்காகப் படிக்கப் போனது, இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கும் உதவுகிறது. அறையில் கடையில் வாங்கிய பொம்மைகள் குறைவு. எவர்சில்வர் டப்பாக்கள், மூடிகள், பழைய சைக்கிள் டயர், ஒரு கூடை நிறைய துணி கிளிப், மைதாவில் கலர் சேர்த்துப் பிசைந்த மாவு, இவைதான் பொம்மைகள்.

அந்த அறைக்கு ஒரே சட்டம். பிள்ளையைக் கூட்டி வருகிறவரும் கூடவே தரையில் உட்கார வேண்டும். பிள்ளை என்ன செய்கிறதோ அதையே செய்ய வேண்டும். இது என்ன கலர், அது எத்தனை, ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு என்ற விசாரணையெல்லாம் கூடாது. டப்பாவை உருட்டினால் நீங்களும் உருட்டுங்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் சுவரைப் பாருங்கள், அதில் என்னமோ இருக்கிறது.

"இங்க அவங்கதான் மொதலாளி. நம்ம எல்லாம் கூப்ட எடத்துக்குப் போறவங்க" என்பாள் பிரான்சி. பிள்ளையிடம் என்ன இல்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம், என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் தன் வேலை என்று நினைப்பவள் அவள். சக்கரத்தை மட்டுமே பார்க்கும் பையனின் அம்மாவிடம் இன்னும் நாலு சக்கரம் வாங்கித் தரச் சொல்வாள். அந்தச் சக்கரம் உருண்டு உருண்டு ஒருநாள் அம்மாவின் மடிக்கு வரும். வந்த அன்றைக்கு அந்த அம்மா அழுவதைப் பார்க்க வேண்டும்.

ரெஜிஸுக்கு இருபது வயது. தாடி வைத்திருக்கிறான். சொந்தப் பேச்சு ரொம்பக் குறைவு, ஆனால் காதில் விழுந்ததை விழுந்த குரலிலேயே வைத்திருப்பான். குப்பை வண்டியின் அறிவிப்பு, போன ஈஸ்டர் பிரசங்கத்தில் சாமியார் நடுவில் இருமிய இருமல், அப்பா டோமினிக்கின் 'ரெண்டு இட்லி போதும்', எதைக் கேட்டாலும் அந்த ஆளே வந்து நிற்பது போல இருக்கும். நினைத்தபோதெல்லாம் வராது. இட்லிக் குண்டானைத் திறந்தால் இட்லிப் பேச்சு வரும். மழை பெய்தால் மழை நாளில் யாரோ சொன்னது வரும். ஒரு பேச்சு முதலில் எதோடு ஒட்டிக்கொண்டதோ, அது மறுபடி கண்ணில் காதில் பட்டால்தான் வெளியே வரும்.

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பாத்ரூம் கதவில்கூட ஒரு கயிறுதான், உள்ளே போகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பிரான்சி ஒரே நாளில் ஸ்குரூ டிரைவர் வைத்துக் கழற்றி எறிந்துவிட்டாள். விளையாட்டு அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமுக்கு மட்டும் வெளியில் ஒரு தாழ்ப்பாள் உண்டு, மைதா மாவுக்கு எலி வருகிறதே. அதையும் ரெஜிஸ் மாடிக்குப் போன பிறகு, சத்தம் கேட்காமல் துணி சுற்றித்தான் போடுவாள்.

காரணம் பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணம். பாக்கியமேரியின் மகள் ஃபெமினாவுக்கு மேலப்புதூர் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது பேண்டு செட்டு வாசித்ததும், ஆறு வயது ரெஜிஸ் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பிரான்சி மாடியில் கல்யாணப் பெண்ணுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அப்பாவோடு இருக்கிறான் என்று நம்பி இருந்துவிட்டாள். பெண்ணோடு கீழே வந்து, கேக் வெட்டி முடிந்ததும் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் பாத்திரம் அடுக்கும் இருட்டு அறை, தாழ் போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே அண்டாக்களுக்கு நடுவில், டவுசரை நனைத்துக்கொண்டு, மணிக்கட்டைக் கடித்துக் குதறிக்கொண்டு கிடந்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சாவி பாக்கியமேரி கையில் இருந்தது.

"நான்தான் பூட்டுனேன். என்ன பண்ணச் சொல்ற? இத்தன பேர் வந்திருக்காங்க" என்றாள் அவள், பட்டுப் புடவையும் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலுமாக. பிரான்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பட்டுப் புடவையோடு ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்தாள். இவளை ஒருநாள் இதே மாதிரி உள்ளே தள்ளிப் பூட்டி, திற திற என்று கதற வைத்துக் கேட்காமல் சாக மாட்டேன் என்று அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். மாதாவிடம் வேண்டக்கூடிய விஷயமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

டோமினிக் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நல்ல மனுஷர், குரலை உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர். பிரான்சி அந்தக் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "அக்கா பண்ணுனது தப்புதான். அவங்க குணமே அப்படி, விடு" என்பார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். பெண்டாட்டி பக்கம் நின்று அக்காவைக் குறை சொல்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று பிரான்சிக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில், கேட்டுக்கு வெளியே பாக்கியமேரி வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. ஃபெமினாவுக்குப் பத்து வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நேர்ந்து பிறந்த அமலி. ஃபெமினா ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டு அப்பார்ட்மெண்டில் இருக்கிறாள், பேங்க் வேலை, லீவு கிடையாது. அதனால் பாட்டிதான் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜங்ஷன் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"டாக்டர் ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க பிரான்சி. ஒன்னைய விட்டா வேற யார்கிட்டயும் கூட்டிட்டுப் போக எனக்கு மனசில்ல."

"வாங்க அண்ணி. உள்ள வாங்க" என்றாள் பிரான்சி. வாய் அப்படிச் சொன்னது. மனசு, 'வா, வா, ஒனக்காகத்தான் இத்தன வருஷமா தரையத் தொடச்சு வச்சிருக்கேன்' என்றது.

முழங்கால் வலிக்காரப் பெரியவர்களுக்கு அவள் ஒரு குட்டி ஸ்டூல் கொடுப்பது வழக்கம். அதை அன்றைக்குக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள். "இங்க எல்லாரும் தரையிலதான் அண்ணி." பாக்கியமேரி சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்கப் பிரான்சிக்கு இனித்தது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவளால் கேட்காமல் இருக்க முடியுமா? "அமலி, இது என்ன?" என்று வாயெடுத்தாள்.

"கேள்வி கேக்கக் கூடாது அண்ணி."

"இல்ல, சும்மா..."

"சும்மாவும் கூடாது. வாயத் தொறக்காதீங்க." எத்தனை வருஷக் கோபம் அந்த ஒரு வரியில் வடிந்தது என்று பிரான்சிக்குத்தான் தெரியும். பாக்கியமேரி வாயை மூடிக்கொண்டாள். அது வேறு எரிச்சலாக இருந்தது.

குழந்தை விஷயத்தில் மட்டும் பிரான்சி ஒரு குறையும் வைக்கவில்லை. பழி பெரியவளிடம், தொழில் சின்னவளிடம் என்று பிரித்து வைத்துக்கொண்டாள். அமலிக்கு மூடிகள் என்றால் உயிர். குவித்துக் கிடக்கும் மூடிகளில், எந்த டப்பாவுக்கு எது என்று அளந்து பார்க்காமல் எடுப்பாள், ஒன்றுகூடத் தவறாது. அது 'டக்' என்று உட்காரும்போது அவள் தோள் இரண்டும் தளரும். வீட்டில் இதைப் பைத்தியம் என்று நினைத்து ஃபெமினா மூடிகளையெல்லாம் பரணில் ஏற்றி வைத்திருந்தாள்.

"எறக்கச் சொல்லுங்க. இன்னும் நாலு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. இவ கண்ணு நமக்கெல்லாம் கெடையாது" என்றாள் பிரான்சி.

வாரங்கள் போயின. பாக்கியமேரியும் மூடி போட்டாள், தப்பாகப் போட்டாள், அமலி அவள் கையிலிருந்து பிடுங்கிச் சரியாகப் போட்டாள். டப்பாவிலிருந்து அலமாரிக் கதவு, அலமாரியிலிருந்து ஜன்னல் என்று மூடுகிற ஆசை பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் அமலி இன்னும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டி அவளுக்கு மூடி எடுத்துக் கொடுக்கும் ஒரு கை, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். ரெஜிஸ் பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அமலி எழுந்து பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பாக்கியமேரி சுவரைப் பிடித்து எழுந்து பின்னால் போனாள். அமலி அவளை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள். சரியாக உட்காரவில்லை, கதவு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்தது. தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள், எட்டவில்லை. நேரே வந்து, முகத்தைப் பார்க்காமலேயே, பிரான்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தத் தாழ்ப்பாள் மேல் வைத்தாள்.

வேறு எந்தப் பெரியவர் உள்ளே இருந்திருந்தாலும் பிரான்சி கதவை லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், அவ்வளவுதான் செய்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும். பிள்ளை கேட்டதைச் செய்வதுதானே இந்த அறைச் சட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துணியும் சுற்றாமல், தாழ்ப்பாளை இழுத்து அடித்தாள். வீடு முழுக்கக் கேட்டது.

கேட்டுக்கொண்டே இரு, இதோ கத்தப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஜன்னல் கிடையாது, லைட் ஸ்விட்ச் வெளியில்தான் இருக்கிறது. கத்து. திற என்று சொல். ஒரு தடவை கெஞ்சு.

சத்தமே இல்லை. அமலி கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளேயிருந்து மெதுவாக, விரல் கணுவால், டொக் டொக் என்று ஒரு தட்டல். அமலியின் கண் விரிந்தது. அவளும் தட்டினாள். உள்ளேயிருந்து பதில். இவள் மறுபடி. சிரித்தாள் அமலி, வாய்விட்டு, வயிறு குலுங்க. சிரித்துவிட்டுத் திரும்பி, பிரான்சியின் கண்ணையே பார்த்தாள். நீயும் கேட்டாயா என்கிற பார்வை. இத்தனை வாரமாக அவர்கள் காத்திருந்தது இதற்குத்தான்.

பிரான்சிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பழி வாங்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே இந்தப் பொம்பளை, அதையும் விளையாட்டாக்கிவிட்டாளே என்று பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் குழாய் சத்தம் நின்றிருப்பது அவளுக்கு உறைத்தது. ரெஜிஸ் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றான். அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோயிருந்தான்.

"ரெஜிஸ் கண்ணா, ஒன்னும் இல்லடா, அம்மா தொறந்துர்றேன்" என்று அவள் திரும்புவதற்குள் அவன் பேசினான். டோமினிக்கின் குரல், பதினாலு வருஷம் இளமையாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"சத்தம் போடாதடா ரெஜிஸு. மாப்ள வீட்டுக்காரங்க பாக்குறாங்க. அப்பா மானத்த வாங்காத. உள்ள இரு. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம், அப்பா வந்து தொறக்குறேன்."

நிறுத்தினான். வாயாலேயே தாழ்ப்பாள் சத்தம் போட்டான். பிறகு பாக்கியமேரியின் குரல், தூரத்திலிருந்து ஓடிவருகிற குரல். "டேய் டோமினிக், என்னடா பண்ற? புள்ளையப் பூட்டாதடா. சாவியக் குடு. குடுடா."

இந்த வீட்டில் தாழ்ப்பாளே கூடாது என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டவள் பிரான்சி. அந்தப் பேச்சு வெளியே வருவதற்கு இருந்த ஒரே வழியையும் அன்றைக்கே அவள் கையாலேயே அடைத்திருக்கிறாள்.

தாழ்ப்பாளைத் திறந்தாள். பாக்கியமேரி மாவு டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அமலி பாட்டியின் கையைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளப் பார்த்தாள்.

"நீங்க பூட்டலையா அண்ணி?"

"இப்ப எதுக்கு அது."

"நீங்கதான பூட்டுனேன்னு சொன்னீங்க? எங்க மூஞ்சியப் பாத்து சொன்னீங்கள்ல?"

பாக்கியமேரி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எம்மேல கோவம்னா நீ எங்க வீட்டுக்கு வரமாட்ட, அவ்வளவுதான். அவன்மேல கோவம்னா நீ ஒங்க வீட்டுலயே இருந்திருக்க மாட்ட. தம்பியாச்சே. என்ன பண்றது."

"சாவி ஒங்க கையிலதான இருந்துச்சு. அப்பவே தொறந்திருக்கலாம்ல?"

"தொறக்கத்தான் வாங்குனேன்" என்றாள் பாக்கியமேரி. "அதுக்குள்ள மேடைக்குக் கூப்ட்டாங்க. எம்மக கல்யாணம். கேக் வெட்டி முடியட்டும்னு சாவியக் கையில வச்சுக்கிட்டே நின்னேன் பிரான்சி. அதனால நான் பூட்டலன்னு சொல்றதுக்கும் எனக்கு வாயில்ல."

பிரான்சி அவளை மன்னித்தாளா என்று கேட்டால், இல்லை. கேக் வெட்டுகிற வரைக்கும் பிள்ளை உள்ளே கிடந்தானே. ஆனால் மேஜைக்கு அடியில் காலை விட்டு அந்தக் குட்டி ஸ்டூலை வெளியே இழுத்தாள். "உக்காருங்க" என்றாள். குரலில் அன்பு ஒன்றும் இல்லை. பாக்கியமேரி உட்கார்ந்தாள்.

பதினாலு வருஷம். அக்கா பண்ணுனது தப்புதான், அவங்க குணமே அப்படி. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கழுவின கை. பிரான்சிக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் இப்போது காதில் கேட்டது. இத்தனை காலம் ஆள் மாறி எரிந்த நெருப்பை எடுத்து, டோமினிக் வரப்போகிற வாசல் பக்கம் அவள் வைத்தாள்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. டோமினிக் சைக்கிளை நிறுத்திவிட்டு, டிபன் கேரியரோடு உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்தார். இன்றைக்கு ஸ்டூல் கிடைத்திருக்கிறதே என்று கொஞ்சம் சிரித்தார்.

"என்ன, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?"

பிரான்சி பேச வாயெடுத்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தாள், தெருவே கேட்கும்படி சொல்வதாக இருந்தாள். ஆனால் ரெஜிஸ் முந்திக்கொண்டான். சுவரோரத்திலிருந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தான். யாரையும் தானாகத் தொடுகிறவன் இல்லை அவன். டோமினிக்கின் முகம் மலர்ந்துபோயிற்று.

"என்னடா ரெஜிஸு? வெளையாடணுமா?" என்றபடி கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவன் இழுத்த பக்கம் போனார். ரெஜிஸ் அவரை ஸ்டோர் ரூமுக்குள் விட்டான். கதவைச் சாத்தினான். அவனே, தானாகவே, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். கதவுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், டோமினிக்கின் குரலில் டோமினிக்குக்குச் சொன்னான்.

"அப்பா மானத்த வாங்காத. உள்ள இரு. அஞ்சே நிமிஷம், அப்பா வந்து தொறக்குறேன்."

உள்ளே ஒரு டப்பா விழுந்து உருண்டது.

"பிரான்சி" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "பிரான்சி... தொறம்மா. ரெஜிஸு... டேய்... அப்பாடா..."

கதற வைத்துக் கேட்க வேண்டும் என்று வேண்டியிருந்தாள் அல்லவா, கேட்டது. அமலியைத் தூக்கிக்கொண்டு பாக்கியமேரி எழுந்தாள், கதவைப் பார்த்தாள், பிரான்சியைப் பார்த்தாள். இந்தத் தடவை தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் டோமினிக். ரெஜிஸ் திருப்பித் தட்டவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் மாட்டத் தொடங்கினான். மணிக்கட்டு வாய்க்குப் போகவில்லை.

பிரான்சியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாளைப் போட்டவன் அவன். அதை எப்போது திறப்பது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.